காட்டுப் புகையிலை இனங்களைப் பேணுவது எதற்கு?

புகையிலை உடலுக்குப் பெருங்கேடு விளைப்பது என்பதைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். அதன் விளம்பரத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்த 2003-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1947-இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் என்று தொடங்கப்பெற்ற நிறுவனம், அண்மையில் தன் பெயரிலிருந்து புகையிலை என்னும் சொல்லையே நீக்கிவிட்டு, வணிக வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாக மாறியுள்ளது. இந்நிலையில், ஒருவரும் பயிரிடாத காட்டுப் புகையிலை இனங்களைக் கண்ணாடி வீட்டுத் தொட்டிகளில் வைத்து ஆண்டுதோறும் நீரூற்றி வளர்ப்பானேன் என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. புகையிலைச் சாகுபடி சுருங்குவது நன்று. ஆனால் காட்டினங்களின் தொகுதி சுருங்குவது நன்றன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே கோப்பில் முடித்துவிடலாகாது என்பதே என் கருத்து.

நிகோட்டியானா என்னும் இப்பேரினத்திற்கு லின்னேயஸ் 1753-இல் ஜீன் நிக்கோ என்ற பிரெஞ்சுத் தூதரின் நினைவாகப் பெயரிட்டார். 1954-இல் குட்ஸ்பீட் என்னும் அமெரிக்க அறிஞர் தம் நூலில் அறுபது இனங்களை விவரித்தார். ஆஸ்திரேலியாவில் புதியன பல கண்டறியப்பட்டதால் இன்று எண்பதுக்கு மேற்பட்டவை கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவில் நமீபியாவில் மட்டும் ஒன்றே ஒன்று உண்டு. இவற்றுள் மக்கள் பெருமளவில் பயிரிட்டவை டபாக்கம், ரஸ்டிகா என்னும் இரண்டே. டபாக்கமும் தனி இனமாகத் தோன்றியதன்று. 24 குரோமோசோம்களையுடைய சில்வெஸ்ட்ரிஸ், டோமென்டோசிஃபார்மிஸ் என்னும் இரு காட்டினங்கள் இயற்கையில் கலந்து, 48 குரோமோசோம்களுடன் பிறந்தது அது. பெற்றோர் இருவரையும் அருகருகே தொட்டியில் நிறுத்திப் பார்த்தால், பாடநூலில் பத்துப் பக்கங்களில் விளங்காதது பத்து நிமிடத்தில் விளங்கும்.

காட்டினங்களால் விளைந்த பயனுக்குக் குளூட்டினோசா ஒன்றையே சான்றாகக் கொள்ளலாம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடியின் இலையில் புகையிலைத் தேமல் வைரஸைத் தடவினால், நோய் செடி முழுதும் பரவுவதில்லை. வைரஸ் புகுந்த இடத்துத் திசுக்கள் தாமே மடிந்து, இரண்டு மூன்று நாட்களில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன; நோய் அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. சாற்றில் வைரஸ் மிகுந்திருந்தால் புள்ளிகளும் மிகும் என்பதை ஹோம்ஸ் 1929-இல் காட்டினார். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை இலையின் மீது விரல்விட்டு எண்ணும் வழி இங்ஙனம் கிடைத்தது. அவரே 1938-இல் இந்த எதிர்ப்பாற்றலைக் கலப்பின் வாயிலாகப் பயிர்ப் புகையிலைக்கு மாற்றினார். அதற்குக் காரணமான மரபணு 1994-இல் பிரித்தெடுக்கப்பட்டது. தாவரங்களில் நோயெதிர்ப்பு மரபணுக்களை இனங்கண்டறிந்த முதற்சில முயற்சிகளுள் அது ஒன்று. அவ்வைரஸ் தக்காளியையும் மிளகாயையும் பற்றுவது ஆதலின், இதனைப் புகையிலைக்காரரின் விவகாரம் என்று ஒதுக்க இயலாது.

கண்ணாடி வீடு இல்லாதிருந்தால் பகலளவுக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவு விரைவில் வெளிப்பட்டிராது. வாஷிங்டன் நகருக்கு அருகே கார்னர், அல்லார்டு என்னும் இருவர் மேரிலாண்டு மாமத் என்ற புகையிலை வகையை ஆராய்ந்தனர். கோடையில் வயலில் அது ஆளுயரத்தையும் கடந்து வளர்ந்தது, பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் சிறு செடியாய் இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்து, பகற்பொழுதின் நீளமே காரணம் என 1920-இல் அவர்கள் வெளியிட்டனர். காட்டினமான சில்வெஸ்ட்ரிஸோ இதற்கு நேர்மாறானது. நீண்ட பகலில்தான் பூக்கும்.

அண்மைக் காலச் செய்திகளும் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் காஸ்ஸை என்னும் இனத்தின் இலைமயிர்கள் சுரக்கும் பொருள் அசுவினியையும் வெள்ளை ஈயையும் கொல்லும். மேற்கு ஆஸ்திரேலிய நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தருகே கண்டெடுக்கப்பட்ட ஓர் இனத்தின் விதை, லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் விதைக்கப்பட்டது. அங்கும் அதன் பிசுக்கு மயிர்களில் சிறு பூச்சிகள் ஒட்டி மடிந்தன. 2021-இல் அதற்கு இன்செக்டிசிடா என்றே பெயரிட்டனர். பென்தாமியானா என்னும் மற்றோர் ஆஸ்திரேலியச் செடி, இன்று உலகெங்கும் தாவர ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. 2014-இல் எபோலா நோயாளர் சிலருக்கு அளிக்கப்பட்ட எதிர்ப்புரதக் கலவை அதன் இலைகளில் உருவாக்கப்பட்டதே. ஆய்வுக்கூடங்களில் வழங்கும் அதன் குலம் மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதியைச் சார்ந்தது என்று 2015-இல்தான் துலங்கியது. விதையுறையின் மேல் எழுதப்படும் ஊர்ப்பெயர் எத்துணை முக்கியமானது என்பதைக் களப்பணியாளர் இதனின்றும் உணரலாம்.

‘விதையைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் போதாதா? செடியை வளர்க்கும் செலவு எதற்கு?’ என்று சிக்கனம் பேசுவோர் கேட்கலாம். விதை குளிரில் உயிரோடிருக்கும் என்பது மெய்யே; ஆயினும் உறைக்குள் இருப்பது உறைமேல் எழுதிய இனந்தானா என்பதைப் பூத்த செடியே சொல்லும். லாஞ்சிஃப்ளோராவும் பிளம்பஜினிஃபோலியாவும் நெருங்கிய உறவின. ஒரு முறை மகரந்தம் கலந்துவிட்டால், அடுத்த தலைமுறை விதையைப் பார்த்து வேறுபாடு காண எவராலும் இயலாது. மொட்டு விரியுமுன் பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பையோ வெண்ணெய்த்தாள் உறையோ கட்டவேண்டும் என்பது எளிய வேலைதான். அதைத் தவறாது செய்யும் கை வேண்டும். இத்தகைய தொகுதிகள் அழிவது தீயினாலோ வெள்ளத்தினாலோ மட்டுமன்று. இனங்களை முகம் பார்த்து அறியும் அனுபவசாலி ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படாததாலும் அழிகின்றன. நான் அஞ்சுவது இதனையே.

வளர்ப்பு முறையில் சில நுட்பங்கள் உண்டு. பயிர்ப் புகையிலையில் ஒரு கிராமுக்கே பத்தாயிரம் விதைகளுக்கு மேல் இருக்கும். எனவே நுண்மணலோடு கலந்து மண்ணின் மேற்பரப்பிலேயே தூவி, தொட்டியைத் தட்டிலுள்ள நீரில் வைத்துக் கீழிருந்து நனைப்பது நலம். மேலே நீர் தெளித்தால் விதை ஓடிவிடும். அமெரிக்கப் பாலைநிலத்து அட்டெனுவாட்டா நெடுங்காலம் உறங்கும். காட்டுத்தீயின் புகை பட்டால்தான் விழிக்கும். புகையூட்டிய நீரில் ஊறவைத்தல் இதற்கு வழி. நம் சமவெளிகளில் மழை ஓய்ந்தபின் விதைத்துக் குளிர்காலத்தில் பூக்கவிடுவதே பொருத்தம். கோடையில் நிழல்வலையின்றிக் கண்ணாடி வீடு அடுப்பாகிவிடும். பீடி, சுருட்டு, வெற்றிலைப் புகையிலை தொட்ட கையோடு உள்ளே செல்லலாகாது. பதப்படுத்திய புகையிலையிலும் தேமல் வைரஸ் உயிர்த்திருக்கும். சோப்பிட்டுக் கை கழுவிச் செல்வது கட்டாய விதியாக வேண்டும்.

ஆசிரியர்கள் கண்ணாடி வீட்டிற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பிளம்பஜினிஃபோலியா நம் நாட்டில் தரிசிலும் வாய்க்கால் கரையிலும் களையாக முளைப்பது. வறண்ட தக்காணப் பகுதிகளில் மஞ்சட் குழாய்ப் பூக்களுடன் நிற்கும் கிளாக்கா என்னும் மரப்புகையிலையும் வந்தேறியே. பிந்தியதில் அனபாசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளதால் மாணவர் வாயில் வைக்காமலும், தொட்டபின் கை கழுவாமல் செல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அயல்நாட்டு இனங்களின் விதையை அஞ்சலில் தாமாக வரவழைத்தல் கூடாது. அவை புது தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் தடைக்காப்புச் சோதனை வழியாகவே வரவேண்டும். கிளாக்கா தோட்டம் விட்டு வெளியேறிய கதை நம் சாலையோரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தொகுதியை ஒரே நிலையத்தில் வைத்திருப்பதும் தகாது. புயல் தாக்கும் கீழைக்கரையில் ஒன்றும், குளிர்ந்த மலைப்பகுதியில் ஒன்றுமாக இரு படிகள் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் பூவையும் இலையையும் கண்டு இனம் சொல்லவல்ல நிரந்தரப் பணியாளர் இருவரேனும் வேண்டும். மூத்தவர் ஓய்வு பெறுமுன் இளையவர் மூன்று பருவமேனும் அவருடன் இருந்து பழகவேண்டும்.