முதலில் வாங்குவது அரசாக இருக்கட்டும்

மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2024-25 நிதியாண்டில் 1,465 கோடி டாலர் மதிப்புள்ள சாதனங்கள் இங்கிருந்து வெளிநாடு சென்றன. அதற்கு முந்தைய ஆண்டில் 956 கோடி டாலர். ஒரே ஆண்டில் இப்படி ஏறுவது சாதாரணமல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் பேருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் தெரியும். பெருமைப்பட எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால், அங்கே பூட்டப்படும் கைபேசியை வடிவமைத்தவர் யார், அதன் சில்லு எங்கே பிறந்தது, காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலான பதில்களில் தமிழ்நாடு இல்லை.

ஒரு மாநில அரசு தொழிலை வளர்க்க என்ன செய்யும்? நிலம் தரும், சாலை போடும், மின்சாரம் தரும், வரியில் சலுகை தரும். இதில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததல்ல. காமராசர் ஆட்சியில் 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, 1965இல் டிட்கோ, 1971இல் சிப்காட், 2000இல் தரமணி டைடல் பூங்கா என்று ஆட்சிகள் மாறினாலும் அறுபடாமல் வந்த தொடர்ச்சி இது. இன்று விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் மினி டைடல் பூங்காக்கள் நிற்கின்றன. இவற்றில் எதையும் குறை சொல்ல நாம் எழுதவில்லை. இது முதல் படி. இந்தப் படியிலேயே அறுபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறோம் என்பதுதான் நம் கவலை.

சலுகைக்கு வந்தவர் சலுகை தீர்ந்ததும் கிளம்பலாம். நோக்கியா 2005இல் ஒப்பந்தம் போட்டது, 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது, உலகின் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக ஸ்ரீபெரும்புதூர் ஆலையை வளர்த்தது. வரி வழக்கும் கைபேசிச் சந்தையில் அந்நிறுவனத்தின் சரிவும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும் 2021இல் மூடல் அறிவிப்பைக் கண்டது. ஆனால், அங்கே நடந்த இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. கார் உற்பத்தி நின்ற பிறகும் அதே நிறுவனத்தின் தொழில்நுட்ப, வணிகச் சேவை அலுவலகங்கள் தமிழ்நாட்டிலேயே தொடர்ந்தன. 2024இல் அவற்றில் வேலை பார்த்தவர்கள் சுமார் 12,000 பேர். மறைமலைநகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக அந்த நிறுவனம் அரசுக்குக் கடிதம் தந்ததும் அதே ஆண்டில்தான். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போவது எளிது. ஓர் ஊரில் சேர்ந்துவிட்ட அறிவை அப்படி எடுத்துப்போக முடிவதில்லை.

அந்த அறிவைச் சேர்க்க மாநிலங்கள் என்ன செலவு செய்கின்றன? இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் ஒதுக்குவது 0.64 விழுக்காடு. அதிலும் மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து தருவது நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை என்கிறது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கு. அந்தத் தொகையிலும் பெரும்பங்கு வேளாண் ஆராய்ச்சிக்குப் போகிறது.

வேளாண்மைக்குப் போவதில் வருத்தம் இல்லை. நம் அரசு இயந்திரம் புத்தாக்கத்தை எப்படி நடத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள வேண்டிய இடமே அதுதான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற ரகங்களின் பெயர் தெரியாத விவசாயி டெல்டாவில் இருக்க மாட்டார். விஞ்ஞானி ஒரு ரகத்தைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியதோடு வேலை முடிந்ததா? இல்லை. அரசே விதைப்பண்ணையில் அதைப் பெருக்கியது; அரசே வேளாண் விரிவாக்க மையத்தில் விற்றது; அரசு அலுவலரே வயலுக்கு வந்து நாற்றைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து வரப்பு வரை அரசு உடன் நடந்தது. விதைக்குச் செய்ததைக் கருவிக்கும் மென்பொருளுக்கும் மருத்துவ உபகரணத்துக்கும் ஏன் செய்யக் கூடாது?

இன்று ஓர் இளைஞர் புதிய கருவி ஒன்றை உருவாக்கினால், விதைநிதி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஸ்டார்ட்அப் டிஎன் போன்ற அமைப்புகள் வழிகாட்டுகின்றன. மாநாட்டில் மேடையும் பொன்னாடையும் கிடைக்கின்றன. அதன் பிறகு அவர் ஒரு நகராட்சி அலுவலகத்துக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ போய் நின்றால், மூன்று ஆண்டு அனுபவம் உண்டா, விற்றுமுதல் எவ்வளவு, முன்வைப்புத் தொகை கட்டுவீர்களா என்று கேட்கிறார்கள். கடைசியில் ஒப்பந்தப்புள்ளியில் விலை குறைவாகக் கேட்டவருக்கே ஆணை. புதிய பொருளை முதல்முறை செய்கிறவரிடம் அனுபவச் சான்று எப்படி இருக்கும்? அவருக்குத் தேவை நன்கொடை அல்ல, முதல் ஆர்டர். அதைக் காட்டித்தான் வங்கியில் கடனும் அடுத்த மாநிலத்தில் இரண்டாவது ஆர்டரும் கேட்க முடியும்.

கேரளத்தைப் பாருங்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அந்த மாநிலத்தின் இளம் பொறியாளர்கள் சிலர் ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குழிக்குள் மனிதன் இறங்காமலே அடைப்பை அள்ளும் பேண்டிகூட் என்ற ரோபோவை உருவாக்கினார்கள். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் கைகொடுத்தது, கேரளக் குடிநீர் ஆணையம் உடன் நின்றது, 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. பிறகு கும்பகோணம், கோயம்புத்தூர் என்று நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பொறியாளர்கள் படித்தது குற்றிப்புரத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில். உலகப் புகழ் பெற்ற நிறுவனம் எதிலும் அல்ல.

1993க்குப் பிறகு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி உயிர்விட்டவர்கள் நாட்டிலேயே அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கு மேல் இருக்கும் மாநிலமும் இதுவே. அந்த இயந்திரம் முதலில் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறக்காததற்குக் காரணம் மாணவர்களின் அறிவுக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் செய்து கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்களிடம் அரசுத் துறை எதுவும் வந்து சொல்லவில்லை.

புத்தொழில் நிறுவனங்களிடம் ஒரு வரம்புக்குள் நேரடியாக வாங்குவதற்கு வழிவிட்டுத் தமிழ்நாடு அரசும் விதியைத் தளர்த்தியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், விதி தளர்ந்தால் போதாது, கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியின் அச்சமும் தளர வேண்டும். தெரிந்த பழைய நிறுவனத்திடம் உதவாத பொருளை வாங்கினால் யாரும் கேட்பதில்லை. புதியவரிடம் வாங்கிய ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால் ஓய்வுபெறும் நாள் வரை தணிக்கை ஆட்சேபம் துரத்துகிறது. இந்த நிலை இருக்கும்வரை எந்த அரசாணையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

அரசுக்குப் பிரச்சினைகளுக்கா பஞ்சம்? பம்புசெட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். விவசாயிகள் அனைவருக்கும் 1990 முதல் மின்சாரம் இலவசம். அதற்காக ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி ரூபாய் மானியத்தை அரசு சுமக்கிறது. இலவச மின்சாரம் தொடர வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓட்டப்படும் பழைய மோட்டார் கூடுதலாக விழுங்கும் ஒவ்வொரு யூனிட்டும் அரசு கணக்கில் ஏறுகிறது. கட்டணமே இல்லாத விவசாயி மோட்டாரை மாற்ற அவசரப்பட மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாற்றினால் லாபம் அரசுக்குத்தான்.

அந்த மோட்டாரைச் செய்கிறவர்களோ நம் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். நாட்டின் பம்பு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஊருடையது. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்து வரும் பட்டறை மரபும், 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு உற்பத்தியாளர்கள் தங்கள் பம்புகளைச் சோதித்துச் சான்று பெறும் சைட்டார்க் போன்ற பொதுப் பரிசோதனை நிலையங்களும் அங்கே இருக்கின்றன. பழைய மோட்டாரை மாற்ற மானியத் திட்டங்கள் வந்திருப்பது உண்மை. ஆனால், ஏற்கெனவே கடையில் இருப்பதை வாங்கத்தான் அவை உதவும். மின்வாரியமும் வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து, இத்தனை அடி ஆழத்தில், மின்னழுத்தம் குறைந்தாலும் எரியாமல், இத்தனை யூனிட்டுக்குள் இவ்வளவு தண்ணீர் இறைக்கும் மோட்டார் வேண்டும், சோதனையில் தேறினால் பத்தாயிரம் வாங்குகிறோம் என்று அறிவிக்கட்டும். பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள பட்டறைகளில் அன்றிரவே விளக்கு எரியும். அங்கே தேறும் மோட்டாருக்கு இந்தியா முழுவதும் சந்தை இருக்கிறது.

நேரடிக் கொள்முதல் என்றாலே வேண்டியவருக்குக் கொடுப்பதில் முடியும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். நியாயமான அச்சம். வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளிக்காக 1998இல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் அதை அலட்சியமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஆனால், நேர்மையாக வாங்கும் முறையை வகுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில் வாங்கி, தொகுதி தொகுதியாகச் சோதனைக்கு அனுப்பி, இருப்பைக் கணினியில் கண்காணித்து, மருந்துக் கொள்முதலின் முகத்தையே மாற்றியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே அமைப்பை நிறுவிக்கொண்டன. புதிய கண்டுபிடிப்புகளை வாங்கவும் அப்படி ஓர் அமைப்பை உருவாக்கலாம். தேவையை முன்கூட்டியே பொதுவில் அறிவிக்க வேண்டும். துறை சாராத நிபுணர்கள் சோதிக்க வேண்டும். கட்டம் கட்டமாகப் பணம் தர வேண்டும். எது தேறியது, எது தேறவில்லை என்பதை இணையத்தில் போட வேண்டும். அதில் சில தோற்கும். ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பு செய்த நெல் எல்லாமா ரகமாக வெளிவந்தது? அந்தத் தோல்விக்கு வரம்பு வைத்துவிட்டு, வரம்புக்குள் நேர்மையாக முடிவெடுத்த அதிகாரிக்குப் பாதுகாப்பு தருவதே சரி.

பணம் எங்கே என்று நிதித் துறை கேட்கும். பேருந்து, மின்மாற்றி, மருத்துவக் கருவி, மென்பொருள் என்று அரசு எப்படியும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கொள்முதலில் நூற்றுக்கு ஒரு ரூபாயைப் புதிய தயாரிப்புகளுக்கு என்று ஒதுக்கினால் போதும். கூடுதல் கடன் தேவையில்லை.

இதில் இன்னொரு கடமையும் அரசுக்கு உண்டு. தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா எழ நிலம் தந்தது தமிழ்நாடு அரசு. ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. அதே வளாகத்தில் தொடங்கிய ஏத்தர் மின்ஸ்கூட்டரின் ஆலை ஒசூரில் இருக்க, தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. மத்திய அரசின் கல்வி நிறுவனத்துக்கு இடம் கொடுத்த மாநிலம், தன் சொந்தப் பல்கலைக்கழகங்களை என்ன நிலையில் வைத்திருக்கிறது? சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்த பிறகு அந்த நாற்காலி நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இழுபறிக்கு விலை கொடுத்தவர்கள் ஆய்வு மாணவர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டியிருந்தது. சம்பளம் வராத பேராசிரியரிடம் புத்தாக்கம் கேட்பது எந்த நியாயம்? காலியிடங்களை நிரப்புங்கள். பழுதான கருவிகளைச் சரிசெய்யப் பணம் கொடுங்கள். அந்த ஆய்வுக்கூடங்களின் கதவைச் சுற்றுவட்டாரச் சிறுதொழில்களுக்குத் திறந்துவிடுங்கள். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைவிட இது அவசரம்.

எந்தக் கட்சி ஆண்டாலும் முதலீட்டாளர் மாநாடு நடக்கிறது, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், எத்தனை லட்சம் கோடி என்று அறிவிப்பு வருகிறது. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒவ்வொரு துறையும் தனக்குத் தீர்வு வேண்டிய ஐந்து பிரச்சினைகளையும், அதற்கான கொள்முதல் தொகையையும் எழுதித் தரட்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசும் சட்டமன்ற உறுப்பினர்கள், ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும், ஒவ்வோர் அமைச்சரிடமும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: இந்த ஆண்டு உங்கள் துறை எந்தப் புதிய நிறுவனத்திடமிருந்து, எந்தப் புதிய பொருளை, எத்தனை வாங்கியது?