அமெரிக்காவில் போட்ட நன்கொடை டெல்லியில் ஏன் நிற்கிறது?

அமெரிக்காவில் ஒருவர் ஒரு குழந்தையின் போட்டோவைப் பார்த்து மாதம் 38 டாலர் கட்டினார். இங்கே ஏதோ ஒரு கிராமத்தில் அந்தக் குழந்தைக்கு டியூஷன், சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை கிடைத்தது. 'கம்பேஷன் இன்டர்நேஷனல்' என்ற கிறிஸ்தவ அமைப்பு இப்படித்தான் இந்தியாவில் சுமார் 1,45,000 குழந்தைகளுக்கு உதவி வந்தது. 2017 மார்ச்சில் மொத்தமாக மூடிவிட்டுப் போனது.

என்ன நடந்தது? 2016-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அதை 'முன் அனுமதி' பட்டியலில் சேர்த்தது. பணம் வரும் ஒவ்வொரு தடவையும் அமைச்சகம் ஓகே சொல்லணும். அந்த ஓகே வரவில்லை. உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்கிறது என்பது அரசுத் தரப்பின் சந்தேகம். அப்படி இல்லை என்றது அமைப்பு.

இதற்கெல்லாம் அடிப்படை எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 1976-ல், எமர்ஜென்சி காலத்தில் வந்தது. 2010-ல் புதிதாக எழுதப்பட்டது. 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அப்போது சேர்ந்ததுதான்.

மதப் பணிக்குப் பணம் வாங்குவதே தப்பா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். கலாசாரம், பொருளாதாரம், கல்வி, மதம், சமூகம் என ஐந்து நோக்கங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது. சர்ச் கட்ட வாங்கலாம், கோயிலுக்கும் வாங்கலாம். ஆசை காட்டியோ கட்டாயப்படுத்தியோ மதம் மாற்றியதாக வழக்கோ தண்டனையோ இருந்தால்தான் பதிவு கிடைக்காது. ஆனால் மலைக்கிராமத்தில் ஆஸ்பத்திரி நடத்தும் கன்னியாஸ்திரி காலையில் ஜெபம் செய்துவிட்டுத்தான் வார்டுக்குப் போகிறார். இதில் சேவை எது, மதம் எது என்று கோடு போடுவது கோப்பில் சுலபம், வார்டில் கஷ்டம்.

2020 செப்டம்பரில் சட்டம் இன்னும் இறுகியது. வெளிநாட்டுப் பணம் எந்த ஊருக்குப் போவதானாலும், முதலில் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது.

இதைவிடப் பெரிய அடி வேறு. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றார்கள். டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய அமைப்புக்குத்தான் வெளிநாட்டுத் தொடர்பு இருக்கும். மலைக்கிராமத்தில் பத்து பேரோடு இயங்கும் சின்ன அமைப்புக்கு ஆடிட்டரும் கிடையாது, ஆங்கிலத்தில் ப்ரொபோசல் எழுத ஆளும் கிடையாது. அதற்குப் பணம் பெரிய அமைப்பு வழியாகத்தான் இறங்கும். அந்தக் குழாயைத்தான் அறுத்தார்கள். பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்கணும் என்ற அரசின் வாதம் நியாயமானதுதான். ஆனால் கடைசி கிராமத்தை எட்டியதும் அதே குழாய்தானே?

உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது யாருக்கும் முழு உரிமை அல்ல, அளவோடு இருந்தால்தான் மருந்து என்பது தீர்ப்பின் சாரம்.

அன்னை தெரசா தொடங்கிய மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டிக்கு 2021-ல் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது. தேதி டிசம்பர் 25! பாதகமான தகவல்கள் வந்ததாக அமைச்சகம் சொன்னது. ஒடிசாவில் உள்ள அதன் இல்லங்களுக்கு நவீன் பட்நாயக் முதல்வர் நிவாரண நிதியிலிருந்து 78 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஜனவரியிலேயே பதிவு திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை. 2024-ல் வேர்ல்ட் விஷன் இந்தியா பதிவை இழந்தது. பிரிவினை அகதிகளுக்கு உதவ 1947-ல் தொடங்கிய காசாவும் அதே ஆண்டு இழந்தது.

ஒரு பக்கக் குறிப்பு. கட்சிகள் விஷயத்தில் இதே சட்டம் ரொம்பவே இளகியது. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் பணம் வாங்கியதில் பா.ஜ.க.வும் காங்கிரஸும் இதை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014-ல் சொன்னது. பிறகு 'வெளிநாட்டு ஆதாரம்' என்ற வரையறையே மாற்றப்பட்டது, அதுவும் 1976 வரை பின்தேதியிட்டு.

அப்போ நம்ம ஊர்ப் பணம்?

அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. தேவையில்லை. இது புது ஐடியாவும் அல்ல. தென் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். பணமும் ஆளும் இங்கிருந்தே என்பது அதன் கொள்கை. அவர்களின் 'வெளிநாடு' நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கல் பகுதி, மொழி தெலுங்கு. 1912-ல் அவரே டோர்னக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்.

இன்று நீங்கள் ஒரு கிராமப் பள்ளிக்குப் பணம் அனுப்ப நினைத்தால், பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டைத்தான். துபாயில் வேலை பார்க்கும் அண்ணனிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அக்கா அதே ஆயிரம் ரூபாயை அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. பள்ளிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கணும், பணமும் சன்சத் மார்க் வழியாகத்தான் வரணும்.