கேட்டுப் பெற வேண்டிய ஏடுகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் ஆலயத்தில், முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற சாசனங்கள், ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் பிறர் பொருளை அபகரித்தவரையும் குடவோலைத் தேர்தலுக்கு அருகதையற்றவர்கள் என்று விலக்கியபோது, அவ்விதி செல்லுபடியாவதற்கு ஆதாரமாயிருந்தது, ஒருவருடைய பூர்வ சரித்திரம் சபையோர் அனைவருக்கும் தெரிந்திருந்ததே என்று நான் எண்ணுகிறேன். இன்று அந்த அறிவு காவல் நிலையத்துப் பதிவேடுகளிலும் நீதிமன்றக் கட்டுகளிலும் அடங்கிக் கிடக்கிறது. கேட்டாலன்றிக் கைக்கு வராது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகத் தருவது காவல் நிலையத்தின் கடமை. அந்தரங்கம் காக்க வேண்டிய வழக்குகள் நீங்கலாக, ஏனையவற்றின் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டிருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டுவோர், வழக்கு எண்ணைக் குறித்து, தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே நகல் மனுச் செய்ய வேண்டும். வழக்கில் சம்பந்தப்படாதவராயின் காரணமும் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை குற்றச்சாட்டின் ஆரம்பமேயன்றி முடிவன்று. அதை மட்டும் பெற்றுக்கொண்டு, விடுதலைத் தீர்ப்பு உண்டா என்று விசாரியாமல், ஒருவரைக் குற்றவாளியென ஊரார் முன்னிலையில் தூற்றுவது மகா அநியாயம். எந்தப் பிரதியை எவரிடம், என்ன கட்டணத்தில் கேட்பது என்பதை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் விவசாயியும் அறியும்படி, காவல் நிலையத்து வாயிலிலும் நீதிமன்றத்து வாயிலிலும் தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.