விலையைக் கேட்குமுன் அறையைக் கேளுங்கள்

ஓணத்தில் தொடங்கித் தீபாவளியில் முடியும் விற்பனைக் காலத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து வரும் நுகர்பொருள் கடன் விண்ணப்பங்களில் இப்போது வீடியோ புரொஜெக்டரும் இடம்பெறுகிறது. விண்ணப்பதாரரின் வருமானத்தை நாங்கள் கேட்கிறோம். நிலுவையிலுள்ள கடன்களைக் கேட்கிறோம். அந்தக் கருவி எந்த அறையில் இயங்கப் போகிறது என்று நாங்கள் கேட்பதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. வாங்குபவர் தாமே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

நானும் கேட்காமல் வாங்கியவன்தான். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் தந்தைக்குத் தொலைக்காட்சி சிறிதாகத் தோன்றியது. இளமையில் எல்லைக்கு அப்பால் ஓலைக் கொட்டகையில் பார்த்த தமிழ்ப் படங்களைப் பெரிய திரையில் மீண்டும் காட்டலாம் என்று முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். எங்கள் கூடத்தில் மூன்று சன்னல்கள், வெளிர்மஞ்சள் சுவர், பளபளக்கும் தரை ஓடு. பிற்பகல் மூன்று மணிக்குப் படத்தை ஓடவிட்டேன். “நல்லாத்தான் இருக்கு மக்களே, ஆளுக முகந்தான் தெரியல்ல” என்று கூறிவிட்டுத் தந்தை திண்ணைக்குப் போய்விட்டார்.

கருவியில் குறை இல்லை. குறை என் கணக்கில் இருந்தது. புரொஜெக்டரால் வெளிச்சத்தை வீச முடியும். இருட்டை வீச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், கருவி அணைந்திருக்கும்போது சுவர் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு மேல் கறுக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 221 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர், பரப்பு 2.75 சதுர மீட்டர். மெய்யாகவே 700 லூமென் ஒளி தரும் கருவி அதில் ஏறத்தாழ 250 லக்ஸ் வெளிச்சத்தைப் பரப்பும். சன்னல் வழியாக 200 லக்ஸ் அதே சுவரில் விழுமானால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு 450-க்கு 200, அதாவது இரண்டே கால் மடங்குதான். திரைச்சீலை போட்டு வெளி ஒளியை 5 லக்ஸாகக் குறைத்தால், அதே கருவி 51 மடங்கு வேறுபாட்டைத் தரும். கூடுதல் பணம் கொடுத்து இரட்டை ஒளியுள்ள கருவியை வாங்கினாலும் பகல் வெளிச்சத்தில் கிடைப்பது மூன்றரை மடங்கே. கனமான திரைச்சீலை செய்யும் வேலையைக் கருவியின் விலை செய்யாது.

இதனை நம் ஊர்க் கொட்டகைக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர். டூரிங் டாக்கீசில் மாலைக் காட்சியும் இரவுக் காட்சியும் மட்டுமே நடந்தன. பகலில் கீற்று இடுக்கு வழியே நுழையும் வெயிலோடு எந்த எந்திரமும் போட்டியிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, வாங்குமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்க எண்ணும் நேரத்தில், அதே விளக்குகளை எரியவிட்டு, படம் விழவேண்டிய சுவரின் அருகே நின்று செய்தித்தாளின் சிறிய எழுத்துகளை வாசித்துப் பாருங்கள். தடையின்றி வாசிக்க முடிந்தால், அறை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

அடுத்தது அளவு. கருவியின் விவரக் குறிப்பில் ‘த்ரோ ரேஷியோ’ என்றிருக்கும் எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால், சுவருக்கும் கருவிக்கும் இடையே வேண்டிய தூரம் கிடைக்கும். அந்த எண் 1.2 எனில், நூறு அங்குலப் படத்துக்கு 265 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டே முக்கால் அடி வேண்டும். அந்த ஒளியின் பாதையில் மின்விசிறி சுழலுமா என்றும் பாருங்கள். சித்திரை வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு யாரும் படம் பார்க்க மாட்டார்கள். கருவியை ஓரமாக வைத்துச் சாய்ந்த படத்தை ‘கீஸ்டோன்’ வசதியால் நேராக்கலாம். ஆனால் அதில் ஒளியும் தெளிவும் ஓரளவு இழக்கப்படும். படத்தை எண்பது அங்குலமாகக் குறைத்தால் அதே கருவி ஒன்றரை மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். சிறிய அறைக்கு அதுவே பொருத்தம்.

விளம்பரத்தில் வரும் ஆயிரக்கணக்கான ‘லூமென்’ எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். திரையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து அளந்து சராசரி காணும் ஏஎன்எஸ்ஐ முறையிலோ, ஐஎஸ்ஓ 21118 தரத்தின்படியோ தரப்பட்ட எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ‘4கே ஆதரவு’ என்பது கருவி அந்தப் படத்தை ஏற்கும் என்பதையே குறிக்கும். அதே நுணுக்கத்தில் காட்டும் என்பதையன்று. ‘நேட்டிவ்’ அளவு என்ன என்று கேளுங்கள்.

இவற்றையெல்லாம் சொல்வது வங்கி அதிகாரியின் வேலையா என்று கேட்கலாம். முப்பதாயிரம் ரூபாயை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 24 மாதக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 1,440 ரூபாய். வட்டி மட்டும் 4,570 ரூபாய். வட்டியே இல்லை என்ற அறிவிப்புகளையும் அப்படியே நம்பிவிடலாகாது. பூச்சிய வட்டி என்ற ஒன்று இல்லை என்பதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே தெளிவுபடுத்தியிருக்கிறது. மூன்றாம் மாதமே அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப்போன பொருளுக்கு இருபத்து நான்காம் மாதம்வரை தவணை கட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். கடன் தவறுவதில்லை, மனம்தான் கசந்துபோகிறது.

பகலில் செய்தியும் தொடரும் பார்க்கும் வீட்டுக்கு நல்ல தொலைக்காட்சியே போதும். அந்தி சாய்ந்தபின் குடும்பத்தோடு படமோ கால்பந்தாட்டமோ பார்ப்பவர்களுக்கும், இருட்டாக்கத்தக்க ஓர் அறை உள்ளவர்களுக்கும் புரொஜெக்டர் தக்க பொருள். ஈரக்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் பகுதியில் அதனை மூடிய, உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பதும் அவசியம்.

எங்கள் வீட்டில் விடை பழைய கட்டடத்தில் கிடைத்தது. தாத்தா காலத்து ஓட்டுவீட்டில் நெல் வைத்திருந்த அறைப்புரையை, இருட்டு என்று சொல்லிப் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்தோம். சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு நாற்காலிகள் போட்டோம். செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது சனிக்கிழமை மாலைகளில் தந்தை அங்கே முழுப்படமும் பார்க்கிறார்.

அடுத்த முறை விண்ணப்பத்தோடு வரும் வாடிக்கையாளர்கள், சம்பளச் சான்றோடு அறையின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு வந்தால் மகிழ்வேன். விதிப்படி அது தேவையில்லை. உங்கள் பணத்துக்குத் தேவை.