வீட்டு வாயிலும் இணைய வாயிலும்

 

செஞ்சிக் கோட்டையின் வாயில்களைக் கடந்தாலும், இராஜகிரி உச்சியை அடையப் பாறைப் பிளவின் மேலுள்ள சிறு பாலத்தையும் தாண்ட வேண்டும். அப்பாலத்தை நீக்கிவிட்டால் பகைவருக்கு வழியில்லை.

நம் இல்லத்து ரவுட்டரும் ஒரு கோட்டை வாயிலே. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை அது உள்ளே விடாது. வளைகுடாவில் பணிபுரியும் மகன் வீட்டுக் கணினியிலுள்ள குடும்பப் படங்களைக் காண விரும்பினால், குறிப்பிட்ட எண்ணுக்கு வரும் அழைப்பை அக்கணினிக்கு அனுப்புமாறு ரவுட்டரைப் பணிக்கலாம். இதுவே ‘போர்ட் ஃபார்வர்டிங்’. இதற்குக் கணினியின் உள்முகவரி மாறாதிருக்க வேண்டும். ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகள் பகிரும் இணைப்பாயின், தனி முகவரி கேட்டுப் பெற வேண்டும்.

ஆயினும் திறந்த வாயிலில் மகன் மட்டுமே நுழைவான் என்பதற்கு உறுதியில்லை. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட் வழியே 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ சுமார் 150 நாடுகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் தப்பவில்லை. ஆகவே 445ஐ வெளியுலகுக்கு ஒருபோதும் திறவாதீர்கள். வி.பி.என். அமைத்து, அதன் போர்ட்டை மட்டும் திறவுங்கள். அதுவே நமது இராஜகிரிப் பாலம்.

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பணிக்கிறது. அனுமதி கேளாதோர் உலவும் இணைய வீதியில், நம் பெண்மக்களின் படங்களைத் தாழிட்டுக் காப்பது நம் கடமையன்றோ!