ஒரு உறையில் இரண்டு கத்தி

“ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா?” இதைச் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் அதிகம். நான் உறுப்பினராக இருக்கும் கலை மன்றத்தில் (பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்) நாடகம், இசை, சொற்பொழிவு எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இருவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். செயற்குழுவில் யாரும் அதைப் படிக்கவில்லை. ஒருவர் இந்தப் பழமொழியைச் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

நான் ஏன் எழுதிக் கொடுத்தேன்? சென்ற ஆண்டு தலைவர் ஐயா இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். நவம்பரில் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாளுக்கு நாடகம் தயாராக இருந்தது. சுவாமிகள் 1922-ல் கண்ணை மூடியது இந்தப் புதுச்சேரியில்தான். பையன்கள் ஆறு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆனால் அரங்கம் பேசி முடிக்க, காசோலையில் கையொப்பம் போட, “சரி, நடத்துங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நாடகம் நடக்கவில்லை. அந்தப் பையன்களில் நான்கு பேர் அதன் பிறகு மன்றத்துப் பக்கமே வரவில்லை. தலைவரைக் குறை சொல்லவில்லை. நோய் யாருக்கும் வரும். எல்லாச் சாவியையும் ஒரே ஆளின் இடுப்பில் தொங்கவிட்ட நம்மைத்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். மொலியேரை மனப்பாடம் செய்யாமல் எங்கள் வாத்தியார்கள் விட்டதில்லை. அந்த மொலியேர் 1673-ல் இறந்தார். அவரோடு அவர் குழுவும் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1680-ல் பதினான்காம் லூயி அதை இன்னொரு குழுவோடு சேர்த்ததில் பிறந்ததுதான் பாரிஸ் நகரத்துக் கொமெதி பிரான்சேஸ். அங்கே நடிகர்களே பங்குதாரர்கள். 1812-ல் நெப்போலியன் அதற்கு ஒரு சட்டதிட்டமே போட்டான், மாஸ்கோ ஆணை என்று அதற்குப் பெயர். (ருஷ்யப் படையெடுப்புக்கு நடுவிலும் நாடகக் கம்பெனியின் கோப்பைப் பார்த்திருக்கிறான். எங்கள் இலாகாவில் சில அதிகாரிகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தே பார்க்க மாட்டார்கள்.) அவர்களுடைய முத்திரை வாசகம் லத்தீனில் மூன்றே சொல். சேர்ந்தும் தனித்தும் என்று பொருள்.

அது ராஜாக்கள் கதை என்பீர்கள். மிலான் நகரத்தைப் பாருங்கள். போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்தபோது, 1947-ல், நகராட்சி தன் செலவில் ஒரு சிறிய நாடக அரங்கம் திறந்தது. பிக்கோலோ தெயாத்ரோ என்று பெயர். அதை இருவரிடம் ஒப்படைத்தார்கள். ஜார்ஜோ ஸ்ட்ரேலர் மேடையைப் பார்த்தார். பாவ்லோ கிராஸி அமைப்பைப் பார்த்தார், ஆண்டுத் திட்டம், பணம், சந்தா, மக்களை உள்ளே வரவழைப்பது எல்லாம். கூடவே நீனா வின்கி என்ற அம்மையார். அலுவலகத்தைத் தாங்கியவர் அவர். கிளார்க்காக இருந்தவன் என்ற முறையில் என் முதல் வணக்கம் அவருக்குத்தான். முதல் ஆண்டிலேயே அவர்கள் போட்ட கோல்தோனியின் நாடகத்தின் பெயர் ‘இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்’! அந்த அரங்கத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது அதுதான்.

இருவருக்கும் எப்போதும் ஒத்துப்போனதா? 1968-ல் ஸ்ட்ரேலர் விலகிப் போனார். நம் ஊராக இருந்தால் கதவில் பூட்டுத் தொங்கும். அங்கே கிராஸி தனியாக நடத்தினார். 1972-ல் கிராஸி லா ஸ்கலா ஒபேராவுக்குப் போனார், ஸ்ட்ரேலர் திரும்பி வந்தார். ஒருவர் இல்லாதபோது வேலை தெரிந்த இன்னொருவர் இருந்தார். நான் கேட்பதும் இவ்வளவுதான்.

என்னை மடக்க நினைப்பவர்களுக்கு நானே ஒரு உதாரணம் தருகிறேன். பெர்லின் நகரில் பிரெக்டின் அரங்கத்தை 1992-ல் ஐந்து பேரிடம் கொடுத்தார்கள். ஐவரும் பெரிய இயக்குநர்கள். அடுத்த ஆண்டே ஒருவர் விலகினார். 1995-ல் ஹைனர் முல்லர் ஒருவரே மிஞ்சினார். ஏன்? ஐந்து பேரும் ஒரே நாற்காலிக்குத் தகுதியானவர்கள். மிலானில் வேலை இரண்டு, ஆள் இரண்டு. பெர்லினில் வேலை ஒன்று, ஆள் ஐந்து. அது பகிர்வு இல்லை, பாகப்பிரிவினை.

எல்லோருக்கும் சமசம்பளம் கொடுத்தால் போதும் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் தெயாத்ர் து சொலேய் குழு நம் ஊருக்கு வந்தது நினைவிருக்கும். 1964-ல் தொடங்கிய கூட்டுறவுக் குழு, அனைவருக்கும் ஒரே சம்பளம். ஆனால் கடைசி வார்த்தை ஆரியான் முனுஷ்கின் அம்மையாருடையது. சம்பளம் வேறு, அதிகாரம் வேறு. அவர்கள் திரும்பிப் போய் 2016-ல் நம் தெருக்கூத்தையும் சேர்த்துப் போட்ட நாடகத்தின் கதை என்ன தெரியுமா? இந்தியாவுக்கு வந்த ஒரு குழுவை இயக்குநர் நட்டாற்றில் விட்டுவிடுகிறார். உதவியாளராக இருந்த பெண், என்ன நாடகம் போடுவது என்று தவிக்கிறாள். நம் மன்றத்துப் பையன்களின் நிலைமையை யாரோ பாரிஸுக்குத் தந்தி அடித்துச் சொன்னது போல இருந்தது எனக்கு.

என் திருத்தத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், செயற்குழு படிக்காவிட்டாலும் நீங்கள் படியுங்கள். எதை மேடையேற்றுவது என்பதை ஒருவர் முடிவு செய்வார். எப்போது, எங்கே, எவ்வளவு செலவில் என்பதை மற்றவர். ஆண்டுத் திட்டத்தில் இருவரும் கையொப்பம் இட வேண்டும். ஒருவர் பதினைந்து நாளுக்கு மேல் வர முடியாவிட்டால் மற்றவர் கையொப்பமே போதும். பதவிக்காலம் மூன்று ஆண்டு, இருவருக்கும் ஒரே ஆண்டில் முடியக்கூடாது. இருவரில் ஒருவர் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். செயற்குழுவில் இருப்பவர்களுக்கு உண்மையான வயிற்றெரிச்சல் இந்தக் கடைசி வரியில்தான் என்பது என் அனுமானம்.

பொதுக்குழு அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணிக்கு. சட்டத்திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்த என் கணக்குப்படி இன்னும் 11 கைகள் குறைகின்றன. சந்தா பாக்கி வைத்தவர்களுக்கு ஓட்டு இல்லை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.