லோடு செயலிக்குச் சாதி தெரியாதா?

உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான் பேச்சு. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளை, 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் மறக்காமல் எடுத்துச் சொன்னார். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதில் யாருக்கும் சார்பு இல்லை என்று தோன்றும். ஆனால் யாருடைய பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பனர் சபை. உழுதவர்களின் பெயர் குடத்தின் பக்கமே வரவில்லை.

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. லாரிக்கு லோடு பிடிக்கும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றி, "அங்கே சாதி இல்லை, யார் வேண்டுமானாலும் ரேட் போடலாம்" என்று நம் தோழர்கள் சிலரும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 2015இல் பெங்களூரில் தொடங்கிய பிளாக்பக் முதல் வாஹக் வரை பல செயலிகள் வந்துவிட்டன. சரக்கு வைத்திருப்பவர் லோடு விவரத்தைப் பதிவிடுவார், லாரிக்காரர்கள் ரேட் சொல்வார்கள், கட்டுப்படியானால் பேசி முடிப்பார்கள். ஒற்றை லாரி வைத்து ஓட்டும் ஒருவருக்கு, அதிலும் காலனியிலிருந்து வந்த ஒருவருக்கு, இது பயன்படுமா?

பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதியின் லாரித் தொழில் வளர்ந்ததற்கு உழைப்பும் துணிச்சலும் மட்டும் காரணமல்ல. முன்பணம், ஜாமீன், லோடு, பாக்கி வசூல் எல்லாம் உறவுக்குள், அதாவது சாதிக்குள், சுழன்றன. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு புக்கிங் ஆபீஸ்தான் கதி. எங்கள் மாகறல் காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஓயாமல் ஓடும் சாலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் தொலைவில் இல்லை. என் பெரியப்பா மகன் ஒரு பழைய பத்துச் சக்கர லாரி வாங்கி அந்தப் பக்கம் லோடு தேடிப் போனபோது, புக்கிங் ஆபீசில் வண்டியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "மாகறல்ல எங்கப்பா? ஊர்லயா, காலனிலயா?" என்பதுதான் முதல் கேள்வி.

செயலி இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இதைச் சிறிய விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். புனேயிலோ ஐதராபாத்திலோ சரக்கை இறக்கிவிட்டு, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் நான்கு நாள் காத்துக் கிடப்பதும், காலி வண்டியை டீசல் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவதும் ஒரு மாத லாபத்தைத் தின்றுவிடும். ரிட்டர்ன் லோடு தேடுவதற்குச் செயலி உதவுகிறது. எந்த ஊருக்கு என்ன வாடகை நடக்கிறது என்பதும் தெரியவருகிறது. புரோக்கர் சொன்னதே ரேட் என்றிருந்த நிலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அண்ணனும் வடக்கே போனால் இப்போதும் செயலியைத்தான் திறக்கிறார்.

சிக்கல் ஏலத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் 250 லிட்டர் டீசல். 92 ரூபாய் வீதம் 23,000 ரூபாய். சுங்கம், பேட்டா, வழிச் செலவுக்கு 9,000 என்று வைத்தால் 32,000. இது வண்டி ஓடினால் மட்டும் ஆகும் செலவு. தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி, டயர்த் தேய்மானம் என்று நாளொன்றுக்கு 3,000 வைத்தால், நான்கு நாளைக்கு இன்னொரு 12,000. ஆக 44,000க்குக் குறைந்தால் நட்டம். ஆனால் தவணையும் இன்சூரன்ஸும் வண்டி நின்றாலும் நிற்காது. ஆகவே 35,000க்கு லோடு கிடைத்தாலும், சும்மா நிற்பதற்கு மூவாயிரமாவது மிஞ்சுகிறதே என்று ஒருவர் ஒப்புக்கொள்வார். அடுத்தவர் 34,000 என்பார். ஒவ்வொருவருக்கும் அது நியாயமான முடிவு. எல்லோரும் அதையே செய்யும்போது வாடகை டீசல் விலையில் போய் நிற்கிறது. ஓட்டுபவரின் கூலி கணக்கிலேயே வருவதில்லை.

இந்தப் போட்டியில் யார் தாக்குப்பிடிப்பார்? தவணை முடிந்த வண்டி உள்ளவர், பத்து வண்டியில் நட்டத்தைப் பரப்பக்கூடியவர், நிலத்தை அடகு வைத்துக் குறைந்த வட்டிக்கு வங்கியில் கடன் வாங்கியவர். நிலம் என்றதும் நம் மாவட்டத்தின் வரலாறு முன்னால் வந்து நிற்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் தந்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலங்கள் வந்தன. அவை எங்கே போயின என்று கேட்டுப் போராடியபோது, 1994இல் காரணையில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். அடகு வைக்க நிலம் இல்லாதவர் தனியார் ஃபைனான்சில் அதிக வட்டிக்குப் பழைய வண்டி வாங்குகிறார். அதே திரையில், அதே லோடுக்கு, அவரும் ரேட் போடுகிறார். செயலி யாருக்கும் சார்பில்லாமல் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கால் வேலி நிலம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடக்கும் ஏலம் அது.

அந்தச் சார்பின்மையும் திரை வரைக்கும்தான். பேரம் பெரும்பாலும் தொலைபேசியில் முடிகிறது. லோடு பதிவிடுபவர் பல நேரம் அதே பழைய புரோக்கர்தான். ஆர்சி புத்தகத்தில் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. ஒரே தகுதியோடு தலித் பெயரில் விண்ணப்பித்தவர்களுக்குத் தனியார் நிறுவனங்களிலிருந்து அழைப்புகள் குறைவாக வந்ததை, சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பெயரே போதுமானதாக இருக்கிறது. சரக்கை இறக்கியபின் பாலன்ஸ் தொகையை இழுத்தடித்தால், ஹால்ட்டிங் காசு தர மறுத்தால், உறவுக்காரர்கள் நான்கு பேரோடு போய் உட்கார்ந்து வாங்க முடிந்தவர் வேறு, தனியாளாகக் கெஞ்ச வேண்டியவர் வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளாக்பக் நிறுவனம் 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் வருவாயில் பெரும்பகுதி ஃபாஸ்டேக், டீசல் பணப் பரிமாற்றத்துக்கான தரகும் ஜிபிஎஸ் சந்தாவும்தான். லாரிக்காரருக்கு லாபமோ நட்டமோ, வண்டி ஓடினால் நிறுவனத்துக்கு வருமானம். சீனாவில் லாரிச் செயலிகள் ரேட்டை அடிமட்டத்துக்குத் தள்ளுகின்றன என்ற புகாரில், 2021இல் அரசே அந்நிறுவனங்களை அழைத்துக் கண்டித்தது.

அப்படியானால் செயலியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். ரிட்டர்ன் லோடுக்குப் பயன்படுத்துங்கள். பிழைப்பே அதில்தான் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அரசிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. முதலாவது, வாடகைக்கு ஒரு தரைமட்டம். 2018 மே மாத லாரி வேலைநிறுத்தத்துக்குப் பின் பிரேசில் குறைந்தபட்ச வாடகைக்குச் சட்டமே இயற்றியது. தென் கொரியாவில் 2020 முதல் 2022 வரை சில வகைச் சரக்குகளுக்கு அது நடைமுறையில் இருந்தது. முடியாத காரியமல்ல. இரண்டாவது, ஒதுக்கீடு. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர் லாரி டெண்டர்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல், அரிசி ஓட்டங்களிலும் டாஸ்மாக் ஓட்டங்களிலும் ஒற்றை லாரி தலித் உரிமையாளர்களுக்கு உரிய பங்கை உறுதி செய்யச் சொல்லுவோம். மூன்றாவது, கடன். 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. வண்டிக்காக ஃபைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போடுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். நான்காவது நம் கையில் இருப்பது. ஒரே சாலையில் ஓடும் பத்து ஒற்றை லாரிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, இந்த ரேட்டுக்குக் கீழே போடுவதில்லை என்று முடிவெடுக்கலாம். ஒருவருடைய பாலன்ஸ் நின்றால் பத்துப் பேரும் போய்க் கேட்கலாம். ஆதிக்கச் சாதிகள் உறவால் சாதித்ததை நாம் சங்கமாகச் சேர்ந்துதான் சாதிக்க முடியும்.